ஆர்.சி.யில் இருப்பது யார் நம்பர்?

ஜூன் 3, 2024, திங்கள்

நைட் ஷிஃப்ட் விட்டு வருகிற பையன்கள்தான் எனக்குக் காலைப் போணி. பென்னலூரில், பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஜெராக்ஸ் கடை என்று பெயர். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் குறைவு. பி.எஃப். பணம், ரயில் டிக்கெட், இன்ஜினீயரிங் காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் பிரிண்ட், கொஞ்ச காலமாக வண்டி கேஸ். "அக்கா, ஃபைன் ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்று வண்டி நம்பரை மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள்.

அது மட்டும் போதாது. பரிவாகன் இ-சலான் தளத்தில் தேட மூன்று வழி உண்டு: சலான் எண், லைசென்ஸ் எண், வண்டி எண். வண்டி எண்ணைப் போட்டால் சேஸிஸ் எண் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். அடுத்தவர் வண்டியின் கணக்கைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கக் கூடாது என்பதற்கான தடுப்பு. ஆனால் இந்தப் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் பாதிப் பேர் ஓட்டுவதே அடுத்தவர் வண்டியைத்தான்.

இன்று வந்தவன் ஆரணிப் பக்கத்துப் பையன். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒப்பந்த வேலை. அறையில் கூட இருந்தவனிடம் பைக் வாங்கியிருக்கிறான். அவன் வேறொருவரிடம் வாங்கியது. ஆர்.சி.யின் போட்டோ போனில் இருந்ததால் தேட முடிந்தது. திறந்தால் வரிசையாக ஹெல்மெட் கேஸ்.

"எனக்கு ஒரு மெசேஜ்கூட வரலையே அக்கா."

எப்படி வரும்? ஆர்.சி.யில் யாருடைய செல் நம்பர் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் எஸ்.எம்.எஸ். போகும். முதல் உரிமையாளர் காட்பாடியில் இருக்கிறாராம். சில வண்டிகளில் இதைவிட மோசம்: ஷோரூம்காரரோ புரோக்கரோ தன் நம்பரைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இந்தப் பையனின் பட்டியலில் ஒன்று அவன் வண்டி வாங்குவதற்கு முந்தைய தேதி. அதை யார் கட்டுவது என்று கேட்டான். விற்றவனிடம் கேள் என்றேன். விற்றவன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டானாம்.

ஜூன் 5, புதன்

நேற்று வாக்கு எண்ணிக்கை. கடைக்கு வந்தவர்களும் போனில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாததால் பழைய அபராதத் தொகைகளை எழுதி ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உயர்த்திய அபராதத்தைத் தமிழ்நாடு உடனே வசூலிக்கவில்லை. 2022 அக்டோபரில்தான் அரசாணை போட்டது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஹெல்மெட் அபராதமே கிட்டத்தட்ட இரண்டு நாள் கூலி.

பாவம் என்று எல்லாரையும் சொல்லிவிட முடியாது. கடை வாசலில் உட்கார்ந்து பார்க்கிறேனே: யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் வருகிறார்கள், அதுவும் கார் ஏற்றிய டிரெய்லர்கள் போகிற சாலையில். 2019 திருத்தத்தில் எதிர்த்திசையில் ஓட்டுவதை 184-ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டும் குற்றத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஹெல்மெட்டை டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டு கேமராவைத் திட்டுகிறவனுக்கு நான் பரிந்து பேசுவதில்லை.

ஜூன் 8, சனி

ஸ்டாஃப் வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல். அவர் வண்டிக்குக் கேஸ், அதுவும் அவர் போகாத ஊரில். முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம். "கட்டிடும்மா, தொல்லை வேணாம்" என்று ஜி-பேயைத் திறந்துகொண்டு வந்தார்.

கட்ட வேண்டாம், முதலில் படத்தைப் பார்க்கலாம் என்றேன். சலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஸ்கூட்டர்! நம்பர் பிளேட்டில் மண் படிந்து 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. வேனுக்கு ஹெல்மெட் கேஸ் போட்ட கதை.

கேமரா வைத்துப் போடும் கேஸ்களுக்கு 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கிற அங்கீகாரச் சான்று வேண்டும். அங்கே கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகை வேண்டும். சலானில் நம்பர் பிளேட் தெரிகிற படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கேஸ் முடியும்வரை பதிவை அழிக்கக் கூடாது. இவ்வளவும் ஓட்டுகிறவனின் பக்கம் இருக்கிற விதிகள். எங்கள் பக்கத்து ஓட்டுநர்களில் இதை அறிந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

தளத்தின் புகார்ப் பகுதியில் சலான் எண்ணைப் போட்டு, ஆர்.சி.யையும் வேனின் படத்தையும் இணைத்தேன். கையில் ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தேன். எங்கே கொடுப்பது என்பதில்தான் பலர் அலைகிறார்கள். பூந்தமல்லி ஆவடி ஆணையரகத்தில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டக் காவல்துறையில். தாம்பரத்துக்குத் தனி ஆணையரகம். ஆவடியும் தாம்பரமும் 2022 ஜனவரியில் பிரிந்தவை. அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் மூன்று அதிகார எல்லை. பக்கத்து ஸ்டேஷனில் போய் நின்றால் "இது நாங்க போட்டது இல்லை" என்றுதான் சொல்வார்கள். சலானிலேயே போட்டவர் எந்தப் பிரிவு என்று இருக்கும். மனு அங்கேதான் போக வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

பக்கத்துத் தெருக்காரர் பதறிக்கொண்டு வந்தார்: "கோர்ட்டுக்கு அனுப்பிட்டாங்களாம், வாரண்ட் வருமா?" அவர் சலானின் நிலை மாறியிருந்தது. ரொம்ப நாள் கட்டாமல் விட்டால் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். 2019-ல் டெல்லியில் தொடங்கியது இந்த ஏற்பாடு. தமிழ்நாட்டுக்குச் சென்னையில் இருக்கிறது. வக்கீலும் வேண்டாம், கறுப்புக் கோட்டைப் பார்க்கவும் வேண்டாம். அதற்கான தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டால் கேஸ் வரும். இரண்டே கேள்வி: விதித்த அபராதத்தைக் கட்டுகிறாயா, எதிர்த்து வழக்காடுகிறாயா?

கட்டினால் அன்றோடு முடிந்தது. எதிர்க்கிறேன் என்று அழுத்தினால் கேஸ் அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும், நேரில் நிற்க வேண்டும். விளையாட்டாக அதை அழுத்திவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு. குற்றம் செய்யாதவர் அழுத்தத் தயங்கவும் கூடாது. பக்கத்துத் தெருக்காரர் கட்டினார். சிக்னலைத் தாண்டியது அவர் மகன்தான்.

ஜூன் 19, புதன்

வாட்ஸ்ஆப்பில் போலீஸ் முத்திரையோடு ஒரு சலான் செய்தி, கூடவே ஏ.பி.கே. கோப்பு. டீக்கடை அம்மா அதைத் திறக்கத் தெரியாமல் என்னிடம் கொண்டு வந்தார். தெரியாமல் போனதே நல்லது. அந்தக் கோப்பு போனில் ஏறினால் ஓ.டி.பி. எல்லாம் திருடன் கைக்குப் போகும். இந்த ஆண்டு இது ரொம்பப் பரவியிருக்கிறது. உண்மையான சலான் எந்த ஆப்பையும் இறக்கச் சொல்லாது. அரசுத் தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். டீக்கடை அம்மாவுக்கு வண்டியே கிடையாது என்பது தனிச் சங்கதி.

ஜூன் 24, திங்கள்

ஒருவனுக்கு பேங்கில் பணம் பிடித்துவிட்டது, சலான் இன்னும் பெண்டிங் என்கிறது. மறுபடி கட்டப் போனவனைத் தடுத்தேன். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கத் தளத்திலேயே வழி இருக்கிறது. பேங்க் குறிப்பு எண்ணை வைத்துக்கொண்டு பொறுத்துப் பார்க்க வேண்டும். ரசீதை பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வைக்கச் சொன்னேன். ரோட்டில் மறித்தால் காட்ட உதவும்.

வேன் ஓட்டும் அண்ணனின் கேஸை நீக்கிவிட்டார்கள். ஆனால் மனு கொடுக்கப் போன அன்றைக்குச் சம்பளம் போய்விட்டது.

ஜூன் 30, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் இந்த மாதம் என் மேசைக்கு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை அபராதத் தொகையால் வந்தவை அல்ல, ஆர்.சி.யில் இருக்கிற பெயராலும் நம்பராலும் வந்தவை. சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். ஃபார்ம் 29, ஃபார்ம் 30. கடன் இருந்தால் ஃபார்ம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும். இறந்தவர் வண்டி என்றால் ஃபார்ம் 31. இன்சூரன்ஸ் பெயரையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும்.

"வித்துட்டேன், எனக்கென்ன" என்கிறவர்களுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் பதில் சொல்லிவிட்டது: வண்டி கை மாறிக்கொண்டே போனாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர். காட்பாடிக்காரரிடம் போனில் இதைத்தான் சொன்னேன். ஆயிரம் ரூபாய் சலானுக்கு அசையாதவர், இழப்பீடு என்றதும் கையெழுத்துப் போட வருகிறேன் என்றார். எந்த நாள் என்பதுதான் தகராறு. ஆரணிப் பையனுக்கு லீவு போட்டால் சம்பளத்தோடு அட்டென்டன்ஸ் போனஸும் போகும். அவருக்கும் வேலை. ஆர்.டி.ஓ. அலுவலகமோ வார நாட்களில் பகலில்தான் திறந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூருக்கு டி.என். 87 என்று தனி எண்ணும் அலுவலகமும் வந்துவிட்டன. ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை ஷிஃப்டில் ஓடுகிற ஊர் இது. போக்குவரத்துத் துறை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிப்காட்டில் முகாம் போட வேண்டும். பெயர் மாற்றமும் செல் நம்பர் திருத்தமும் மட்டும் செய்து கொடுத்தால் போதும். ஹெல்மெட் இல்லாமல் கேட்டுக்குள் விடாத கம்பெனிகள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கொண்டுவந்து உட்கார நான் தயார்.