சுட்ட மரத்தில் கத்தித் தடம்

பரவை காய்கறி மார்க்கெட்டைத் தாண்டி, திண்டுக்கல் சாலையை ஒட்டி இருக்கிறது அந்த இழைப்புப் பட்டறை. நிலைக்கும் கதவுக்குமாகத் தேக்கும் வேம்பும் அடுக்கியிருந்தார்கள். ஓரத்தில் பழுப்பேறிய சில பலகைகள். அதையும் தேக்கு என்றே நினைத்தேன். தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை.

“பைன் தம்பி. சுட்டு அனுப்பியிருக்காக” என்றார் மிஷினில் நின்ற ஆசாரி.

பின்லாந்தில் 1990களில் வளர்ந்த முறை இது. நீராவி சூழ்ந்திருப்பதால் 190, 212 டிகிரி வெப்பத்திலும் மரம் தீப்பற்றாது. உள்ளே ஹெமிசெல்லுலோஸ் சிதைந்துபோகும். ஈரத்தை இழுக்கும் குணம் குறையும். மழைக்காலத்தில் கதவு உப்பாது. பதிலுக்கு மரம் நொறுங்கும் குணத்தை வாங்கிக்கொள்கிறது. வளைத்தால் பச்சை மரம்போலத் தாங்காது.

இழைப்பிலும் அந்தக் குணம் தெரிகிறது. சாதாரணப் பைனில் எழும் பிசிறு இதில் அவ்வளவாக இல்லை. ஆனால் எதிர்வாட்டத்தில் விட்டால் அப்பளம்போல் பெயர்கிறது. பலகை மிஷினை விட்டு வெளியேறும் முனை உடையாமலிருக்க, ஒன்றின் வாலில் அடுத்ததை முட்டவைத்து வரிசையாகவே உள்ளே தள்ளினார்கள்.

பிளேனர் உருளையில் மூன்று கத்திகள். நிமிடத்துக்கு 4,500 சுற்று, பலகையின் ஓட்டம் 9 மீட்டர் என்றால், கத்தித் தடங்களுக்கு நடுவே முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓட்டத்தை 18 மீட்டராக்கினால் இடைவெளி இரட்டிப்பாகும்; அலையின் ஆழமோ நான்கு மடங்காகும். இதுவும் மூன்று கத்தியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான். ஒன்று மயிரிழை துருத்தினாலும் அதன் தடம் மட்டுமே மிஞ்சும். 9 மீட்டர் ஓட்டத்திலேயே இடைவெளி 2 மில்லிமீட்டர். சாணை பிடித்த கத்தியைப் பூட்டவே ஆசாரி அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

“எண்ணெய் பூசினா எல்லாம் தெரிஞ்சிரும். இது எதையும் மறைக்காது” என்று பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினார். குறுக்கே வரிவரியாக நிழல்.

முதல் ஓட்டத்தில் வேண்டிய அளவு சீவிவிட்டு, கடைசி ஓட்டத்தில் அரை மில்லிமீட்டர் மட்டும், மெதுவாக விடுவது அவர் வழக்கம். ஆனால் இழைப்புக் கூலி சதுர அடிக்கணக்கு. மெதுவாக விட்டால் அவருக்குத்தான் நஷ்டம். வேகமாக விட்டால் அந்த வரிகளை உப்புத்தாளால் தேய்த்தெடுக்கும் பாடு பக்கத்துக் கொட்டகைப் பெண்களுக்கு. அவர்களுக்கு நாள் கூலி. மிஷினில் மிச்சமாகும் நேரம் கொட்டகையில் செலவாகிறது. இதைக் கணக்குப் பார்க்க வேண்டியவர் முதலாளி.

தூள் வேறு. தேக்கு இழைத்தால் சுருள் சுருளாக விழும். இது மாவாகப் பறக்கிறது, கருகல் வாசனையோடு. ஆசாரி துண்டால் மூக்கைக் கட்டியிருந்தார். இவ்வளவு நைசான தூளைத் துண்டு தடுக்காது. தூள் உறிஞ்சும் குழாய் மிஷினில் இருக்கிறது, பையைத்தான் மாட்டவில்லை.