கடல் தட்டும் கண்டத் தட்டும் மோதினால்...

1835 பிப்ரவரி 20. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், வால்டிவியா ஊருக்குப் பக்கத்துக் காட்டில் படுத்து இளைப்பாறிக் கொண்டிருந்தார் 26 வயது சார்லஸ் டார்வின். திடீரென்று தரை ஆடியது! பிறகு அவருடைய கப்பல் வடக்கே போனபோது, சாண்டா மரியா என்ற தீவு சுமார் 10 அடி உயர்ந்திருந்தது. கடலுக்குள் இருந்த சிப்பிகள் பாறையில் ஒட்டியபடியே வெளியே அழுகிக் கிடந்தன.

தீவைத் தூக்கியது யார்? அன்று சரியான விடை இல்லை. 1960களில்தான் விஷயம் தெளிவானது.

சிலிக்கு மேற்கே, பசிபிக் கடலுக்கு அடியில் இருப்பது நாஸ்கா தட்டு. ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வேகத்தில் அது தென் அமெரிக்கத் தட்டை நோக்கி வருகிறது. கடல் தட்டின் பாறை கனமானது. கண்டத்தின் பாறை அதைவிட இலேசானது. மோதினால் கனமானதுதானே கீழே போகும்? அது வளைந்து இறங்கும் இடத்தில் சுமார் 8,000 மீட்டர் ஆழமுள்ள அகழி. நெருக்கப்பட்ட கண்டத்தின் ஓரத்தில் ஆண்டீஸ் மலை. இறங்கும் தட்டு தன்னோடு தண்ணீரையும் கொண்டு போகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்தத் தண்ணீர் வெளியேற, மேலே உள்ள சூடான பாறை எளிதில் உருகுகிறது. அந்தக் குழம்பு மேலேறினால் எரிமலை!

ஆனால் தட்டு வழுக்கிக் கொண்டு போவதில்லை. உரசலில் சிக்கி நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்துப் பிடித்த மாதிரி, கண்டத்தின் ஓரம் வளைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் பிடி விடும்.

1960 மே 22 அன்று அதே வால்டிவியா பகுதியில் பிடி விட்டது. அளவு 9.5. இதுவரை பதிவானதிலேயே மிகப் பெரிய நிலநடுக்கம். தட்டுகள் சுமார் 20 மீட்டர் நழுவின. ஆண்டுக்கு 7 செ.மீ. என்று கணக்குப் போட்டால், அது ஏறக்குறைய 300 வருடக் கடன்! சிலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 15 மணி நேரத்தில் சுனாமி ஹவாயின் ஹிலோ நகரை அடைந்து 61 பேரைக் கொன்றது. அடுத்து ஜப்பானிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி.

அதன் பிறகு சிலி கட்டட விதிகளைக் கடுமையாக்கியது. 2010 பிப்ரவரி 27 அன்று 8.8 அளவில் பூமி குலுங்கியபோது பெரும்பாலான கட்டடங்கள் நின்றன. ஆனால் சுனாமி எச்சரிக்கை சரியாகப் போய்ச் சேராததால் கடலோர ஊர்களில் பல உயிர்கள் போயின.

தட்டை யாரும் நிறுத்த முடியாது. இந்த ஆண்டும் அது 7 செ.மீ. நகரும். அடுத்த கடன் தீரும் நாளுக்குள் கட்டடத்தை உறுதியாக்கலாம், கரையில் இருப்பவர்களுக்குச் செய்தி சேரும்படி செய்யலாம். மனிதர் கையில் இருப்பது அவ்வளவுதான்!