தட்டுங்கள், விடப்படும்!

டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், எங்கள் ஆபீஸில் சண்டை ஆரம்பம். 'கராத்தே பெருசா, குஸ்தி பெருசா?' நான் கராத்தே கட்சி. ப்ரௌன் பெல்ட் ஸார்! (அந்த பெல்ட் இப்போது இடுப்பைச் சுற்றி வராது என்பது வேறு விஷயம்.)

எதிர்க்கட்சி, டெஸ்பாட்ச் செக்‌ஷன் தம்பி. ஒல்லி. ஊர் கோதாவில் புரண்டவன். "அண்ணே, 1993 நவம்பர்ல அமெரிக்காவுல, டென்வர்ல எட்டுப் பேரை மோத விட்டாங்களே, தெரியுமில்ல?" என்றான்.

தெரியும். குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் க்ளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். பிரேசில் ஜூஜுட்சுக்காரர் ராய்ஸ் கிரேஸி குத்து விழும் தூரத்தில் ரொம்ப நேரம் நிற்கவில்லை. கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜிம்மர்சன் தட்டிச் சரணடைந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேரைச் சரணடைய வைத்தார் கிரேஸி. குத்துக்கும் உதைக்கும் இடைவெளி வேணும். கட்டிப்பிடித்தால் அது போச்சு.

"அது டென்வர். இது நம்ம மொட்டை மாடி. வாடா!" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா?

ஒரு கிக் விட்டேன். காலைப் பிடித்துக்கொண்டான். அடுத்து எனக்குத் தெரிந்தது வானம். வலது தோள் அவன் பிடியில் திருகிக்கொண்டிருந்தது. செக்‌ஷன் மொத்தமும் வேடிக்கை பார்க்கிறது. தட்டினால் மானம் போகும். தட்டாவிட்டால் தோள் போகும்.

தட்டினேன்.

ஒரு வாரம் இடது கையால் கையெழுத்து. பாங்க்கில் செக் திரும்பி வந்தது. அன்றிலிருந்து தம்பிதான் தினமும் என் டிபன் பாக்ஸைத் திறந்து தருகிறான். கை சரியாகி நாளாச்சு என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.