வலி நெற்றியில், வினை கழுத்தில்!

நிலக்கோட்டைப் பக்கத்தில் 60 சென்ட் மல்லிகை வைத்திருக்கும் அந்தப் பெண்மணிக்கு வயது 46. பங்குனி, சித்திரையில் பூ கொட்டும். விடியுமுன்பே நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டெடுக்க இறங்கினால், வெயில் ஏறும்வரை குனிந்த தலை நிமிராது. அந்த மாதங்களில்தான் தலைவலியும் படுத்தி எடுக்கும். வலது பிடரியில் கிளம்பி, காதுக்குப் பின்னால் ஏறி, வலது கண்ணுக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாளும் இடது பக்கம் வந்ததில்லை.

பித்தம் என்றார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தார். கண்ணாடி போட்டார். பிறகு கடை மாத்திரை, இரண்டாவது வருஷத்தில் அது அநேகமாகத் தினசரி. 'செடியைப் பிடுங்கிட்டு மக்காச்சோளம் போட்டுடலாம்' என்று கணவர் சொல்லத் தொடங்கிவிட்டார். மகளின் நர்ஸிங் படிப்புக்கோ பூ விற்ற காசுதான்.

அரசு மருத்துவமனை டாக்டர் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார. அங்கிருந்த பெண், அவரைப் படுக்கவைத்துக் கழுத்தை மடக்கி முகத்தை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் திரும்பிய அளவுக்கு வலது பக்கம் திரும்பவில்லை. மண்டை ஓட்டுக்குக் கீழே பிடரியில் கட்டைவிரலால் லேசாக அழுத்தியதும், "இதேதாம்மா! கண்ணுக்கு மேல வர்ற வலி இதேதான்" என்று பதறிவிட்டார்.

கழுத்தின் மேல்பகுதியில் உள்ள மூன்று நரம்புகளும், நெற்றி, முகத்திலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. இரண்டு வாய்க்கால் ஒன்றாகக் கலந்தபின் எது எந்தத் தண்ணீர் என்று பிரிக்க முடியுமா? மூளைக்கும் அதே குழப்பம்தான். கழுத்து மூட்டின் வலியை நெற்றி வலியாக எடுத்துக்கொள்கிறது. நார்வே மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பிரித்துப் பெயர் வைத்ததே 1983-ல்தான்.

தலையின் எடை சுமார் 5 கிலோ. அது முன்னால் நீண்டால், பிடரித் தசைதான் மணிக்கணக்கில் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆனாலும் குனிகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை. பக்கத்து வரிசையில் எடுக்கும் நாத்தனாருக்கு இவரைவிடக் கூன் அதிகம். தலைவலி என்றால் என்னவென்றே தெரியாது. வலி நாள்பட்டால் நரம்பு கூசிப்போகிறது. மற்றவருக்கு வெறும் அழுத்தமாகத் தெரிவது, இவருக்கு வலியாகத் தெரிகிறது. டார்ச்சின் பட்டை இறுக்குவதைக்கூட அவரால் தாங்க முடியாமல் போனது இதனால்தான்.

கணவர், "சலூன்ல சொடக்கு எடுக்குற மாதிரி எடுத்தா சரியாயிடாதா?" என்றார். கூடவே கூடாது என்றார் அந்தப் பெண். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்துக்குள்தான் ஓடுகிறது. வெடுக்கென்று திருப்பினால் அது கிழியவும் கூடும்.

சொல்லிக்கொடுத்த பயிற்சி சின்னதுதான். தலையைக் குனியாமல், தாடையை மட்டும் உள்ளே இழுத்து 10 விநாடி நிறுத்த வேண்டும். 10 முறை, காலை, மாலை. ஆஸ்திரேலியாவில் 200 பேரை வைத்து நடந்து, 2002-ல் வெளியான ஆய்வில், 6 வாரம் இத்தகைய பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைத்த பலன் ஒரு வருஷம் கழித்தும் நீடித்தது. மாத்திரையை டாக்டர் குறைத்தார். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் விழுங்கினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

பூச்சிமருந்து அடித்த அன்று வாந்தி, வியர்வை, எச்சில் ஒழுகலோடு வரும் தலைவலி வேறு. அதற்குப் பயிற்சி இல்லை, 108-தான். திடீரென்று இடி விழுந்தாற்போல வரும் வலிக்கும், காய்ச்சலோடு கழுத்து விறைப்பதற்கும், கை மரத்துப் பலம் குறைவதற்கும் காத்திருக்கக் கூடாது.

முதல் இரண்டு வாரம் கழுத்து இன்னும் கடுத்தது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். இந்தச் சித்திரையில் வலி வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப்பார்க்கிறது, அவ்வளவுதான். அரை மணிக்கு ஒருமுறை, "மதினி, நிமிருங்க" என்று நாத்தனார் பக்கத்து வரிசையிலிருந்து குரல் கொடுக்கிறார்.