தண்ணீர் குடிக்காத பஞ்சு

மாசி வெயில். வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு பருத்திக்காடு. வெடித்த காயிலிருந்து அப்போதுதான் உருவிய பஞ்சில் கொட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை என் தண்ணீர் பாட்டிலுக்குள் தள்ளினேன். மிதந்தது. மூடியைத் திருகிக் குலுக்கினேன். மறுபடியும் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

“கெணத்துல போட்டாலும் மெதக்கும் தம்பி. பச்சப் பஞ்சு தண்ணி குடிக்காது. எண்ணெய்யதான் குடிக்கும். வெளக்குக்குத் திரி எதுல திரிக்கிறோம்?” என்றார் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த அக்கா.

துடைக்கிற பஞ்சுத் தாளைச் செய்யும் தொழிலைப் பற்றி எழுதுவதற்காக வந்தவன் நான். நெய்யாமல், பின்னாமல், இழைகளை இழைகளோடு சிக்கவைத்தே தாளாக்கும் தொழில் அது. குழந்தையின் கன்னம் துடைக்கும் ஈரத் துடைப்பானும் அந்த வகைதான். தொடக்கத்திலிருந்தே பார்த்துவிடலாம் என்று செடியடிக்கு வந்தால், செடியடியிலேயே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

அக்கா சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். காய்ந்த ஓட்டின் நுனி கையைக் கீறிவிடும். ஒரு காயில் நாலைந்து சுளை. ஓடு உடைந்து தூளாகிப் பஞ்சோடு ஒட்டாமல் ஐந்து விரலும் ஒன்றாகக் குவிந்து உருவ வேண்டும். நான் எடுத்த பஞ்சில் பாதி சருகு. அவர் ஒன்றும் சொல்லாமல் என் பங்கைத் தனியாக வைத்துவிட்டார்.

பெரம்பலூர் தமிழ்நாட்டின் முக்கியமான பருத்தி மாவட்டங்களில் ஒன்று. கரிசல் மண், மானாவாரி. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இந்த வேப்பந்தட்டையில்தான் இருக்கிறது. ஆனால் வழியெல்லாம் கண்ணில் பட்டது மக்காச்சோளத் தட்டை. அதற்கு இவ்வளவு கை தேவையில்லை. பருத்தியோ ஒரே நாளில் வெடிப்பதில்லை. முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு என்று திரும்பத் திரும்பக் காட்டுக்குள் இறங்க வேண்டும். கடைசி எடுப்பில் முதிராத இழை அதிகம், நிறமும் மங்கல். விலை கேட்டால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கடைசி எடுப்பில் ஒரு மடி பஞ்சை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பஞ்சு தண்ணீர் குடிக்காததற்குக் காரணம், இழையின் மேல் செடியே பூசிவைத்த மெழுகு. எடையில் 100-க்கு 1 பங்கு இருந்தால் அதிகம். அதைக் களைய என்ன பாடு படுகிறார்கள் என்பதை ராஜபாளையம் பக்கம் ஒரு சர்ஜிக்கல் பஞ்சு ஆலையில் முன்பு பார்த்திருக்கிறேன். அங்கே வருவது காட்டுப் பஞ்சு அல்ல. நைஸ் நூல் நூற்கும் மில்கள் சீவிக் கழிக்கும் குட்டை இழை, ‘நாயில்’ என்பார்கள். 100 கிலோ பஞ்சைச் சீவினால் 15 கிலோ வரைகூட இப்படிக் கழியும். அதைப் பெரிய இரும்புக் கொப்பரையில் காஸ்டிக் சோடாவோடு மூடி, அழுத்தத்தில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். பிறகு பெராக்சைடில் வெளுப்பு, அலசல், பிழிதல், உலர்த்தல். ‘பஞ்சு படாத பாடு’ என்று நாம் சும்மா சொல்லிவைக்கவில்லை.

கடைசியில் கார்டிங் மிஷின். கம்பிப் பற்கள் அடர்ந்த உருளைகள் பஞ்சை இழை இழையாகப் பிரித்துச் சீவ, மறுமுனையில் சிலந்திவலை மாதிரி ஒரு படலம் இறங்குகிறது. ஊதினால் கிழிந்துவிடும். அதை மேலே மேலே அடுக்கி, நீலக் காகிதத்தோடு சுருட்டினால் மருந்துக்கடைப் பஞ்சு. நல்ல பஞ்சு என்பதற்குச் சோதனை எளிது: 5 கிராமைச் சின்னக் கம்பிக்கூடையில் வைத்துத் தண்ணீரில் விட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். 1 கிராம் 23 கிராம் தண்ணீரையாவது பிடித்துவைக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் மருந்து நூலின் கணக்கு.

அந்தப் படலத்தைக் கிழியாத தாளாக்க முக்கியமாக இரண்டு வழி. கொக்கி வெட்டிய ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைக் கோப்பது ஒன்று. தண்ணீரையே மயிரிழைத் துளைகள் வழியாகப் பீய்ச்சி, அதையே ஊசியாக்குவது மற்றொன்று. கடையில் விற்கும் ஈரத் துடைப்பான்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் செய்தவை. இழை விஸ்கோஸும் பாலியஸ்டரும். பருத்தி என்று நம்பித்தான் வாங்குகிறோம்.

பெரம்பலூரில் ஒரு மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் மடிப் பஞ்சை நீட்டினேன். கொட்டையோடு போட்டால் பல் போய்விடும் என்று கடைக்காரர் விரட்டாத குறை. அதனால் அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொட்டையை ஒவ்வொன்றாகப் பிய்த்தபடியே போனேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு கை வாங்கிக்கொண்டு உதவினார். அரியலூர் வருவதற்குள் இரண்டு பேர் வேட்டி பேண்டெல்லாம் பஞ்சு.

அரியலூரில் துடைப்பதற்குக் குறைவில்லை. சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றும் லாரிகள். லாரி இருந்தால் பட்டறை. பட்டறை இருந்தால் எண்ணெய்க் கை. நான் நுழைந்த பட்டறையில் மூலையில் ஒரு சாக்கு பனியன் வேஸ்ட் இருந்தது. அதில் பாலியஸ்டர் கலந்த துண்டை மெக்கானிக் தொட்டதுமே ஒதுக்கிவிடுகிறார். “இது தொடைக்காது சார், தடவும்.”

நான் பஞ்சை எடுத்துக் கொடுத்தேன். தரையில் கொட்டிக்கிடந்த என்ஜின் ஆயில்மேல் வைத்தார். பஞ்சு மெல்லக் கறுத்து, கறுத்து, உப்பல் அடங்கி உட்கார்ந்தது. எடுத்தபோது தரையில் ஒரு மங்கல் மட்டும் இருந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நெய்யா இழைத்தாள் ஆராய்ச்சி செய்யும் சேஷாத்ரி ராம்குமாரின் குழு 2013-இல் சொன்னதும் இதைத்தான். முதிராத, விலை போகாத பச்சைப் பஞ்சு தன் எடையைப்போல் 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயை இழுக்கும். மெழுகு, எண்ணெய்க்கு உறவு. கொப்பரையில் வேகவைத்துத் துரத்தும் அதே மெழுகு. விளக்குத் திரி திரித்தவர்கள் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக் அடுத்த பிடியால் ஒரு பேரிங்கைத் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இண்டு இடுக்கிலெல்லாம் பிசிறு.

“ஆயில நல்லா இழுக்குது. ஆனா மயிர் கொட்டுதே. தாளு மாதிரி கட்டியா இருந்தா தேவலை.”

ஊசி குத்தினால் கட்டியாகும் என்றேன்.

“யாரு குத்துறா இங்க?”

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அப்படியோர் ஆலை என் கண்ணில் படவில்லை.

“சரி, கிலோ என்ன வெல வரும்?”

கொட்டை நீக்கி, தூசு தட்டி, சீவி, குத்தி என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே போனேன். அவர் காத்திருக்கவில்லை. சாக்கிலிருந்து ஒரு சிவப்பு பனியன் துண்டை உருவி, பேரிங்கில் ஒட்டிய பிசிறைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.