புளியஞ்சோலையிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள குமரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே வீட்டில் போன மாதம் ஒரு பதில், இந்த மாதம் வேறு பதில். இரண்டையும் ஒத்துப்போகும்படி திருத்தி அனுப்பச் சொல்லி மேலதிகாரிகள் வற்புறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே.

2025 ஜனவரியிலிருந்து தொழிலாளர் கணக்கெடுப்பில் கிராமத்து வீடுகளுக்கும் அடுத்தடுத்து நான்கு மாதம் போகிறோம். ஏழு நாள் வேலையை நாள்வாரியாகக் கேட்க வேண்டும். புளியஞ்சோலையில் ஒரு அக்கா, "வேலையே இல்லை சாமி, வீட்டிலதான் இருந்தேன்" என்றார். "போன சந்தைக்கு முந்தின நாள் என்ன செஞ்சீங்க?" என்றதும் முகம் மாறியது. இரண்டு நாள் கூலிக்குப் புளி தட்டப் போயிருக்கிறார். பொய் சொல்லவில்லை, அது வேலைக் கணக்கில் சேரும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இன்னொருவர் என் முந்தைய வருகைக்கும் முன்னால் களையெடுத்ததை இந்த வாரத்தில் சொன்னார். கூலி இந்த வாரம்தானே கைக்கு வந்தது! அங்கேதான் நம்முடைய முந்தைய வருகை உதவும். "நான் போன தடவை வந்துட்டுப் போனதுக்கு அப்புறமா, முன்னாடியா?" என்று கேள். அமெரிக்காவில் வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவை வைத்து நெட்டர், வாக்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 1964-இல் எழுதியது இதைத்தான்: முந்தைய பேட்டி எல்லைக்கல்லாக நின்றால், பழைய செலவு புதிய கணக்குக்குள் நுழைவது குறையும்.

ஒத்துப்போகிற பதிலைக் கண்டால்தான் எனக்குப் பயம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55-ஆவது சுற்றை (1999-2000) எடுத்துக்கொள். உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். அதற்கு முந்தைய சுற்றுகளில் தனித்தனி வீடுகளில் கேட்டபோது 7 நாள் கணக்கு 30 நாள் கணக்கைவிட நன்றாகவே கூடி வந்திருந்தது. சேர்த்துக் கேட்டதும் அந்த இடைவெளி ஏறக்குறைய காணாமல் போனது. ஒரு பதில் மற்றொன்றைத் தன் பக்கம் இழுத்துவிட்டது என்றார்கள் பொருளியல் அறிஞர்கள். அந்தச் சுற்றிலிருந்து வந்த 26 சதவீத வறுமைக் கணக்கை, 1993-94-இன் 36 சதவீதத்தோடு ஒப்பிடலாமா என்று பல ஆண்டு வாதாடினார்கள். ஏழைகள் குறைந்தார்களா, கேள்வித்தாள் குறைத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. எவ்வளவு பெரிய இழப்பு, யோசித்துப் பார்.

நான்காம் தடவை போகும்போது இன்னும் கவனமாக இரு. "வேலை இல்லை" என்றால் கேள்வி சீக்கிரம் முடியும் என்று அதற்குள் வீட்டார் கற்றிருப்பார்கள். அவசரப்படாமல் திண்ணையில் உட்கார்ந்து கேள். முந்தைய பதிலை முதலில் வாசித்துக் காட்டாதே. அவர்கள் சொல்லி முடிக்கட்டும். வேறுபட்டால் இரண்டையும் அப்படியே வைத்து, ஏன் மாறியது என்று குறிப்பு எழுது. மேலே இருப்பவர்கள் மறுபடி வற்புறுத்தினால், அந்தக் குறிப்போடு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா