மருந்துக்கு முன் திசு

ஸ்கேனிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது, பயாப்சி வெறும் சம்பிரதாயம் என்ற பேச்சு இளம் மருத்துவர்களிடையே பரவிவருகிறது. வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கிமுன் அமர்ந்து ஓய்வுபெறுகிற நோய்க்குறியியலாளர்கள், லேபில் ரிப்போர்ட் எழுதிக்கொடுத்தவர்கள் என்ற அளவில் மறக்கப்படுகிறார்கள். வேறு நோய்களில் இந்த அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். குடல் லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றில் முடியாது. நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே தோன்றும் லிம்ஃபோமாக்களில் 30 முதல் 40 சதவீதம் வரை இரைப்பையிலும் குடலிலும்தான் வருகின்றன. அவற்றுள் மிகுதியானது டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகை. அது முழுமையாகக் குணமாகக்கூடிய புற்று. ஆனால் அதற்குரிய ஆர்-சாப் மருந்துச் சிகிச்சையை எந்த நிபுணரும் ஸ்கேன் படத்தை மட்டும் நம்பித் தொடங்குவதில்லை.

நம் ஊரில் நோய்க்குறியியல் தொழிலின் கடினமான இடம் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் சந்திப்பு. கொல்லிமலைப் பைல் நாட்டிலிருந்து ஒருவர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு கட்டி. காசநோய் என்றுதான் முதலில் தோன்றும், அது நியாயமும்கூட. ஆனால் லிம்ஃபோமாவும் அச்சாக இப்படித்தான் வரும். காசநோய் தழும்பிட்டுக் குடலைச் சுருக்கும். லிம்ஃபோமா தழும்பை அதிகம் உண்டாக்காமல் தசையடுக்கை அரிப்பதால், சுவர் தடித்தும் குழாய் விரிந்தே கிடக்கும், அடைப்பு வருமுன் ஓட்டை விழலாம். நிணநீர்க் கணுவின் நடுவில் அழுகல் தெரிந்தால் மனம் காசநோய்ப் பக்கம் சாயும். இவையெல்லாம் சாய்வுகள்தாம், தீர்ப்புகள் ஆகா. திசுவிலும் பொறி இருக்கிறது. லிம்ஃபோமா சளிச்சவ்வுக்குக் கீழே பரவியிருக்க, மேலோட்டமாகக் கிள்ளிய துணுக்கில் சாதாரண அழற்சிதான் தெரியும். கட்டியின் ஓரத்தில் காசநோயை நினைவூட்டும் கிரானுலோமாவும் வரலாம். அந்தத் துணுக்கோடு ‘குடல் காசநோயா? புற்றா?’ என்று ஒற்றை வரிச் சீட்டு வந்தால், தேர்ந்த கண்ணும் தடுமாறும்.

காசநோய் மலிந்த நாட்டில் இரண்டு மாதம் மருந்து கொடுத்துப் பார்ப்பதில் என்ன தவறு, மலையிலிருந்து ஒருவரை எத்தனை முறை இறங்கிவரச் சொல்வது என்று கேட்பார்கள். கேள்வி உண்மையானது. பயாப்சியில் தெளிவு கிடைக்காதபோது கண்காணிப்போடு அப்படிக் கொடுப்பதை ஏற்கலாம். பயாப்சிக்குப் பதிலாகவே கொடுப்பதுதான் தவறு. குழந்தைகளின் குடலில் வரும் பர்கிட் லிம்ஃபோமா ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடியது. அதற்கு இரண்டு மாதம் என்பது மரண தண்டனை. பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு கொடுப்பது இன்னும் மோசம். புற்றணுக்கள் தற்காலிகமாகக் கரைந்து, பிறகு எடுக்கும் பயாப்சியும் பயனற்றுப்போகும். காசநோய்க்கான மரபணுப் பரிசோதனையும் குடல் திசுவில் பலமுறை கிருமியைத் தவறவிடுகிறது. ‘இல்லை’ என்று வந்ததாலேயே காசநோய் இல்லை என்றாகாது.

திசுவில் குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயம் இருக்க இந்தக் கவலை எதற்கு என்பது என் துறையிலேயே எழும் மறுப்பு. அடிப்படைச் சாயமிட்ட ஹெச் அண்ட் ஈ ஸ்லைடைச் சரியாகப் பார்க்குமுன்பே பத்துச் சாயங்களுக்கு எழுதித் தருகிற பழக்கம் வந்துவிட்டது. இது சோம்பல். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இயல்பாகவே பேயர் திட்டுகள் எனும் நிணத்திசு உண்டு. அங்கே பி-செல் சாயமான சி.டி.20 திரளாகப் பிடிக்கும், முளைமையத்தில் செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 கொழுந்துவிட்டு எரியும். கட்டமைப்பைப் படிக்கத் தெரியாதவர் ஆரோக்கியமான குடலுக்குப் புற்று என்று பெயர் சூட்டுவார். 1983-ல் ஐசக்சனும் ரைட்டும் மால்ட் (சளிச்சவ்வு சார்ந்த நிணத்திசு) லிம்ஃபோமாவை இனம்கண்டது வடிவத்தை ஊன்றிப் பார்த்ததால். அந்த வழியில் சென்றதால்தான் 1993-ல் ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழித்ததும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு இரைப்பை லிம்ஃபோமா பின்வாங்கியதை வாதர்ஸ்பூன் குழு காட்ட முடிந்தது. சுகாதாரம் குறைந்த பகுதிகளின் இளைஞர்களிடம் ஓயாத வயிற்றுப்போக்காக வரும் ஐப்சிட் எனும் சிறுகுடல் நோயும் அப்படியே: ஆரம்பத்தில் பிடித்தால் டெட்ராசைக்ளினுக்கே அடங்கலாம், தாமதித்தால் பெருஞ்செல் லிம்ஃபோமாவாக மாறலாம்.

எண்டோஸ்கோப்பி செய்வோரும் அறுவை மருத்துவர்களும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஸ்டீராய்டுக்கு முன் பயாப்சி எடுங்கள். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கிள்ளி ஆழத்துக்குப் போங்கள். அவசரத்தில் வெட்டியெடுத்த குடலைத் திறந்து, திசுவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத ஃபார்மலினில் போடுங்கள். திறக்காத குடலின் சளிச்சவ்வு எங்களிடம் வருமுன் சிதைந்துவிடுகிறது. சீட்டில் நோயாளியின் வயது, காய்ச்சல், ஏற்கெனவே கொடுத்த மருந்து எல்லாவற்றையும் எழுதுங்கள்.